ஃபிஷ் குழுவுக்குக் கூட்டம் சேர்வது வாசிப்புக்கா, பாட்டுக்கா?

ஒலிநாடா:

2017-ல் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அமெரிக்க ராக் குழுவான ஃபிஷ் 13 இரவு வாசித்தது. மொத்தம் 237 பாட்டு. ஒன்றுகூட இரண்டாம் முறை வரவில்லை. ஏறக்குறைய 20,000 பேர் கொள்ளும் அரங்கம் அது. இத்தனைக்கும், 1983-ல் வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டனில் தொடங்கிய இந்தக் குழுவின் ஒரு பாட்டுகூட இதுவரை பில்போர்டு பாட்டு வரிசைப் பட்டியலின் முதல் 40-க்குள் நுழைந்ததில்லை. 1996-ன் 'பில்லி பிரீத்ஸ்' ஆல்பம் 7-ம் இடம் வரை போனது, 2014-ன் 'ஃபுவேகோ'வும் அதே 7-ம் இடம். அதற்கு மேல் விற்பனைக் கணக்கில் பெரிதாகச் சொல்ல ஏதும் இல்லை.

என் கட்சி இதுதான்: இது முழுக்க முழுக்க வாசிப்பின், அதாவது மேடையிலேயே பாட்டைக் கற்பனையாக நீட்டிப் போகும் திறமையின் வெற்றி. டிரே அனஸ்டாசியோ கிட்டார், மைக் கார்டன் பேஸ், பேஜ் மெக்கானல் கீபோர்டு, ஜான் ஃபிஷ்மேன் டிரம்ஸ். 1986-லிருந்து அதே நாலு பேர். இடையில் 2000-லும் 2004-லும் நிறுத்தினார்கள், 2009-ல் திரும்பி வந்தார்கள். ஆள் மட்டும் மாறவில்லை. டிரேயின் பள்ளித் தோழர் டாம் மார்ஷல் எழுதிக் கொடுத்த வரிகளில் பலவும் நண்பர்களுக்குள் சொல்லி விளையாடிய சொற்கட்டு. அந்த வரிக்காக யாரும் பஸ் பிடித்து ஊர் ஊராகப் பின்னால் போகவில்லை. மாற்றுக் கருத்து இருப்பவர்கள் ஆதாரத்தோடு பேசுங்கள்.

நாலுகட்டை:

//ஒரு பாட்டுகூட முதல் 40-க்குள் நுழைந்ததில்லை//

ஹிட் இல்லாததும் பாட்டு இல்லாததும் ஒன்றல்ல சார். இந்த வகை இசைக்கே தாய்வீடான கிரேட்ஃபுல் டெட்டைப் பாருங்கள். 1969 வரை அவர்கள் செய்தது பெரும்பாலும் நீண்ட வாசிப்புதான். 'டார்க் ஸ்டார்' 1968-ல் சிங்கிளாக வந்தபோது மூன்று நிமிடம்கூடக் கிடையாது, விற்கவும் இல்லை. 'லைவ்/டெட்' ஆல்பத்தில் அதே பாட்டு 23 நிமிடம். விமர்சகர்கள் கொண்டாடினார்கள். ஆனால் ஸ்டுடியோ செலவில் ஏறிய கடன் வார்னர் இசைத்தட்டு நிறுவனத்திடம் அப்படியே நின்றது.

கதை மாறியது 1970-ல். ஜூனில் 'வொர்க்கிங்மேன்ஸ் டெட்', நவம்பரில் 'அமெரிக்கன் பியூட்டி'. ஒரே வருடத்தில் இரண்டு ஆல்பம். பாட்டுகள் பெரும்பாலும் சுருக்கமானவை, மூன்று குரல் இசைவு, ராபர்ட் ஹன்டரின் வரிகள். ஹன்டர் மேடையேறாதவர். இருந்தும் குழுவின் உறுப்பினராகவே கணக்கு. 'ரிப்பிள்', 'புரோக்டவுன் பேலஸ்', 'டு லே மீ டவுன்' மூன்றின் வரிகளையும் லண்டனில் ஒரே பிற்பகலில் எழுதியவர். இன்றைக்கும் கிட்டார் கற்கும் அமெரிக்கப் பிள்ளைகள் 'ரிப்பிள்' வாசிக்கிறார்கள். 'டார்க் ஸ்டாரை' அப்படி வீட்டில் உட்கார்ந்து பாட முடியுமா?

1995 ஆகஸ்ட் 9 அன்று குழுவின் முன்னணி கிட்டார் கலைஞர் ஜெர்ரி கார்சியா இறந்துவிட்டார். வாசிப்புதான் எல்லாம் என்றால் அன்றோடு கடை மூடியிருக்க வேண்டும். 2015-லிருந்து 'டெட் அண்ட் கம்பெனி' ஜான் மேயரை வைத்து ஸ்டேடியம் ஸ்டேடியமாக நிரப்பியது. 2016-ல் 'டே ஆஃப் தி டெட்' தொகுப்பில் வேறு வேறு கலைஞர்கள் 59 பதிவுகள் செய்தார்கள். நிலைத்தது பாட்டு. ஃபிஷ்ஷுக்கு அப்படி ஒரு தொகுப்பு போட்டால் யார் பாடுவார்கள், எதைப் பாடுவார்கள்?

ஒலிநாடா:

கார்சியா போன பிறகு எது விற்றது என்று பாருங்கள். பழைய கச்சேரிப் பதிவுகள். 1972 ஐரோப்பியப் பயணத்தின் 22 கச்சேரிகளையும் 73 சிடிகளாக 2011-ல் வெளியிட்டார்கள். ஒரே பாட்டு அதில் திரும்பத் திரும்ப வருகிறது. பாட்டு மட்டும் போதும் என்றால் ஒரு சிடி போதுமே? கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் 1977 மே 8 அன்று நடந்த கச்சேரியை அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஒரு ராத்திரி வாசித்ததைத்தான் பாதுகாக்கிறார்கள்.

ஆறாம்நரம்பு:

இரண்டு பேருமே 'பாட்டு' என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு வேலைகளைப் போட்டுக் குழப்புகிறீர்கள் என்று நினைக்கிறேன். வரியும் மெட்டும் ஒன்று. வாத்தியங்களுக்கு ஸ்வரம் ஸ்வரமாக எழுதி வைக்கும் இசையமைப்பு இன்னொன்று. வாசிப்பு மூன்றாவது. ஃபிஷ் குழு முதலாவதில் சுமார், இரண்டாவதில் ராட்சசர்கள்.

டிரே, எர்னி ஸ்டயர்ஸ் என்ற இசையமைப்பாளரிடம் முறையாகப் பாடம் கேட்டவர். காடர்ட் கல்லூரியில் 1988-ல் அவர் கொடுத்த பட்ட ஆய்வேடே ஒரு முழு இசைக்கதை. 'யூ என்ஜாய் மைசெல்ஃப்', 'டிவைடட் ஸ்கை', 'ஃப்ளஃப்ஹெட்', 'ரீபா' எல்லாவற்றிலும் மனோதர்மத்துக்கு முன்னால் பல நிமிடம் எழுதிவைத்த பகுதி வரும். கிட்டார் ஒரு கோடு, பியானோ ஒரு கோடு, பேஸ் தனிக் கோடு. மூன்றும் ஒன்றையொன்று துரத்தும். ஒருத்தர் அரை மாத்திரை தவறினாலும் அரங்கத்துக்கே தெரிந்துவிடும்.

அந்தக் கட்டுப்பாடு தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. பல நிமிடம் மூச்சைப் பிடித்து எழுதியதை வாசித்துவிட்டு, 'ரீபா'வில் ஈ லிடியன் என்ற ஸ்கேலில் இரண்டே கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) மீது இறங்கும்போது கேட்பவருக்கு ஒரு விடுதலை கிடைக்கிறது. நேரே அந்த இரண்டு கார்டில் தொடங்கியிருந்தால் அதே வாசிப்பு பாதி எடுபடாது. ஆக, வாசிப்பு சிறக்க எழுத்து வேலை செய்கிறது.

கேள்விக்குறி:

அண்ணே, ஜாம் பண்ணுவதற்கு, அதாவது அப்படி நீட்டி வாசிப்பதற்கு ஏற்ற பாட்டு, ஏற்காத பாட்டு என்று உண்டா? எங்கள் குழுவில் எந்தப் பாட்டை நீட்டினாலும் நாலு நிமிடத்தில் சப்பென்று ஆகிவிடுகிறது.

ஆறாம்நரம்பு:

கண்டிப்பாக உண்டு தம்பி. நன்றாக ஓடும் ஜாம் பாட்டுகளைப் பிரித்துப் பார்த்தால் மூன்று விஷயம் திரும்பத் திரும்ப வரும்.

முதலில் கார்டு எண்ணிக்கை. டெட்டின் 'ஃபயர் ஆன் தி மவுன்டன்' முழுக்க பி, ஏ என்று இரண்டே கார்டு. 'ஸ்கார்லெட் பிகோனியாஸ்' முடிவிலும் அதே பி, ஏ. அதனால்தான் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தையல் தெரியாமல் போக முடிகிறது. கார்னெல் 77-ல் கேட்பது அதுதான். நீங்கள் ஏழு கார்டு சுற்றுள்ள சினிமாப் பாட்டை நீட்டினால், ஒவ்வொரு பாரிலும் (ஒரு தாளச் சுற்று) அடுத்த கார்டுக்கு ஓட வேண்டியிருக்கும். கேட்க நேரமே இருக்காது.

அடுத்தது கதவைத் திறந்து வைப்பது. கடைசிப் பல்லவி முடிந்ததும் ரிதம் கிட்டாரும் கீபோர்டும் மூன்றாம் ஸ்வரத்தை விட்டுவிட்டு முதலும் ஐந்தும் மட்டும் பிடியுங்கள். மேஜரா மைனரா என்று முடிவாகாமல் இருக்கும். அப்போது பேஸ் எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் எல்லோரும் போகலாம். ஏ டோரியன் என்ற ஸ்கேலில் எட்டு பார் ஓடிய பிறகு பேஸ் மட்டும் டி-யில் உட்கார்ந்தால், மற்றவர்கள் ஒரு ஸ்வரம்கூட மாற்றாமலேயே இசை டி மிக்ஸோலிடியன் என்ற வேறு ஸ்கேல் ஆகிவிடும். இருட்டறையில் விளக்கு போட்ட மாதிரி இருக்கும். இதை ஒரே ஒருத்தர் செய்ய வேண்டும். இரண்டு பேர் ஒரே சமயத்தில் வேறு வேறு பக்கம் இழுத்தால் அங்கேயே நாறிவிடும்.

மூன்றாவது, வீட்டுக்குத் திரும்ப ஒரு அடையாளம். இரண்டு பார் நீளத்தில், நாலு பேரில் யார் வாசித்தாலும் மற்றவர்களுக்குச் சட்டென்று புரியும் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சின்ன இசைத் துண்டு). அது இல்லாத பாட்டில் முடிக்கத் தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பீர்கள்.

உங்கள் குழு நாலு நிமிடத்தில் சப்பென்று ஆவதற்குப் பெரும்பாலும் காரணம் இதில் ஒன்றாகத்தான் இருக்கும்: லீட் கிட்டார் முதல் நிமிடத்திலேயே உச்ச ஸ்தாயிக்கு ஏறிவிடுவது, கீபோர்டும் கிட்டாரும் அதே நடு ஸ்தாயியில் அடித்துக்கொள்வது, டிரம்மர் ஒவ்வொரு எட்டு பாருக்கும் கடமையாக ஒரு ரோல் போட்டு 'இதோ முடிகிறது' என்று அறிவிப்பது. முதல் மூன்று நிமிடம் லீட் கிட்டார் சோலோவே எடுக்கக் கூடாது என்று விதி வையுங்கள். வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

கீழ்ஸ்தாயி:

ஆறாம்நரம்பு சொன்னதோடு, ஃபிஷ் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பயிற்சி அறையில் செய்த 'ஹே' பயிற்சியையும் சேர்க்கிறேன். வாசிப்புத் திறமை என்றாலே வேகம் என்று நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

நாலு பேரும் வட்டமாக உட்கார வேண்டும். ஒருவர் ஒரு சின்னச் சொற்றொடரைத் தொடங்கித் திரும்பத் திரும்ப வாசிப்பார். மற்ற மூவரும் வந்து சேர வேண்டும்: முதல் சுற்றில் அப்படியே நகல், அடுத்தடுத்த சுற்றுகளில் அதற்கு இடம் கொடுத்து நிரப்புவது. மற்ற மூவரும் நிலைகொண்டுவிட்டார்கள் என்று காதில் உறுதியானால்தான் 'ஹே' என்று வாயால் சொல்ல வேண்டும். நாலு 'ஹே'யும் விழுந்த பிறகு அடுத்தவர் அந்த அமைப்பில் ஒன்றை மாற்றுவார். திரும்ப எல்லோரும் தேட வேண்டும். ஒரு சுற்றில் வேகத்தை மட்டும், இன்னொரு சுற்றில் சத்தத்தின் அளவை மட்டும், பிறகு நாதத்தின் தன்மையை மட்டும் என்று பிரித்துச் செய்யலாம்.

இதில் நுட்பம் எங்கே இருக்கிறது என்றால், தன் வாத்தியத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பவனால் 'ஹே' சொல்லவே முடியாது. பிறர் மூவரையும் கேட்டால்தான் வாய் வரும். ஆரம்பத்தில் எல்லாக் குழுவிலும் நடக்கும் கோளாறு, மூன்று பேரும் கிட்டாரை மட்டும் துரத்துவது. அதற்கு மருந்து, கிட்டார்காரர் தொடங்காத சுற்றுகளை அதிகம் வைப்பது. இருபது நிமிடம் போதும், அதற்கு மேல் காது சோர்ந்துவிடும்.

ஃபிஷ் மேடையில் நாலு பேரும் ஒரே வரிசையில் நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். டிரம்ஸ் பின்னால் இல்லை, பேஸுக்குப் பக்கத்திலேயே ஓரமாக. அந்தப் பயிற்சி அறையின் தொடர்ச்சிதான் அது.

1996-ல் ஹாலோவீன் அன்று அட்லாண்டாவில் டாக்கிங் ஹெட்ஸ் என்ற குழுவின் 'ரிமெய்ன் இன் லைட்' ஆல்பத்தை முழுசாக வாசித்ததும் ஒரு திருப்பம். அந்தப் பாட்டுகளில் யாரும் தனியாகப் பெரிதாக ஒன்றும் வாசிப்பதில்லை. சின்னச் சின்னத் துண்டுகள் பல்சக்கரம் போலக் கோத்து ஓடும். அடுத்த ஆண்டின் பயணங்களில் டிரே சோலோவைக் குறைத்து ரிதம் வாசிக்கத் தொடங்கினார். 97 இலையுதிர்காலப் பயணத்தின் அந்த மெதுவான ஃபங்க் (தாளம் தூக்கலான நடன இசை) அங்கிருந்து வந்தது. கவனியுங்கள்: வேறு ஒருவர் எழுதிய பாட்டுதான் இவர்களின் வாசிப்பை மாற்றியது.

தாளக்கட்டு:

டிரம்ஸ் பற்றி யாரும் பேசவில்லையே என்று வந்தேன்.

டெட்டில் இரண்டாவது டிரம்மராக மிக்கி ஹார்ட் 1967-ல் சேர்ந்தார். தபலா மேதை உஸ்தாத் அல்லா ரக்காவிடம் பாடம் கேட்டவர். அந்தக் காலத்து 'தி இலெவன்' 11 மாத்திரைக் கணக்கில் ஓடுவது சும்மா வந்ததில்லை. பின்னாளில் அவர் எடுத்த 'பிளானெட் டிரம்' ஆல்பத்தில் ஜாகிர் உசேனோடு நம்ம விக்கு விநாயக்ராமின் கடமும் உண்டு. உலக இசைக்கென்று கிராமி விருது தனியாகக் கொடுக்கத் தொடங்கியபோது முதல் விருது அதற்குத்தான்.

ஆனால் என் காதுக்கு டெட்டின் மிக நெகிழ்வான காலம் ஹார்ட் இல்லாத காலம். 1971 தொடக்கத்தில் விலகினார், 1974 அக்டோபரில் திரும்பினார். இடையில் பில் க்ரூட்ஸ்மன் ஒருவரே. இரண்டு டிரம்மர் இருந்தால் கனம் கிடைக்கும், திருப்பம் கஷ்டம். ஒருவர் மட்டும் என்றால் பேஸ் சாயும் பக்கம் அடுத்த அடியிலேயே சாயலாம்.

'பிளேயிங் இன் தி பேண்ட்' ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூல ரிஃப் 10 அடி. 71-ல் ஐந்தாறு நிமிடப் பாட்டு. 72 முடிவதற்குள் இருபது நிமிடத்தைத் தாண்டுகிறது. 1974 மே 21 சியாட்டலில் 46 நிமிடம்! வரி ஒன்றுகூடக் கூடவில்லை, மெட்டும் அதேதான். வளர்ந்தது முழுக்க நடுவில் திறந்த இடம். அந்த இடத்தில் 10 அடிக் கணக்கே கரைந்து போய்விடும். திரும்ப அந்த ரிஃப் எங்கிருந்தோ எழுந்து வரும்போது பாருங்கள், அரங்கம் எழுந்து நிற்கும். இதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள் நாலுகட்டை சார், பாட்டிலா, வாசிப்பிலா?

நாலுகட்டை:

பாட்டில்தான் எழுதுவேன், அதற்குக் காரணமும் சொல்கிறேன். திரும்பி வருவதற்கு அந்த ரிஃப் இருந்ததால்தான் 46 நிமிடம் போக முடிந்தது. கூட்டம் எழுந்து நிற்பது, தெரிந்த ஒன்று திரும்ப வந்ததற்காக. ரிஃப் மனதில் நிற்காத ரகமாக இருந்தால் யாரும் எழுந்திருக்கப் போவதில்லை.

இன்னொன்று. கார்சியாவும் லெஷும் வியரும் அபாரமாக வாசித்தவர்கள், மறுக்கவில்லை. ஃபில் லெஷ், இத்தாலிய இசையமைப்பாளர் லூசியானோ பெரியோவிடம் இசையமைப்பு படித்தவர். அவருடைய பேஸ், கிட்டாருக்கு எதிர்க்குரல் பாடும். பாப் வியர் முழு கார்டு பிடிக்காமல் மேல் மூன்று நரம்பில் தலைகீழ் வடிவங்களை வைத்து நகர்த்துவார். பியானோ கலைஞர் மெக்காய் டைனரின் இடது கையிலிருந்து எடுத்த முறை. இதெல்லாம் சரி. ஆனால் 'வார்ஃப் ராட்' மாதிரி ஒரு பாட்டில் ஆட்கள் கண் கலங்குவது தலைகீழ் கார்டுக்காக இல்லை. துறைமுகத்தில் குடித்துக் கிடக்கும் ஒரு கிழவன், நான் எழுந்து நிற்பேன் என்று சொல்லிக்கொள்வது. அதற்காக. ஃபிஷ்ஷிடம் எனக்கு இன்னும் கிடைக்காதது அது.

ஒலிநாடா:

அது நியாயமான குறை. ஃபிஷ்ஷில் அந்த இடத்தை நிரப்புவது வரி இல்லை. 'ஹாரி ஹூட்' முடிவில் டி, ஏ, ஜி மூன்று கார்டு மெல்ல மெல்ல ஏறுவதைக் கேட்டும் கண் கலங்குகிறார்கள். சொல் இல்லாமலேயே வருகிற கலக்கம்.

ஹிட் பற்றி ஒரு எச்சரிக்கை. டெட்டுக்கு முதல் பத்துக்குள் வந்த ஒரே பாட்டு 'டச் ஆஃப் க்ரே', 1987, 9-ம் இடம். 1982-லிருந்தே மேடையில் வாசித்துப் பழுத்த பாட்டு அது, அதனால்தான் ஸ்டுடியோவிலும் உயிரோடு வந்தது. அதற்குப் பிறகு வந்த கூட்டத்தில் பலருக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. வாகன நிறுத்துமிடமே திருவிழா ஆனது. 1995 ஜூலை 2 அன்று இண்டியானாவின் டீர் க்ரீக்கில் வேலியை உடைத்துக்கொண்டு புகுந்தார்கள். மறுநாள் கச்சேரி ரத்து. ஹிட் பாட்டு வெற்றிக்கு அளவுகோல் என்றால் அதன் விலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கீழ்ஸ்தாயி:

ரெண்டு பக்கமும் சொல்லாத ஒரு காரணம், பதிவு நாடா. 1984-ல் டெட் குழு மேடைக்கு எதிரே பதிவு செய்பவர்களுக்கென்றே தனி இடம் ஒதுக்கியது. விற்கக் கூடாது, மாற்றிக்கொள்ளலாம் என்பது விதி. ஃபிஷ் அதே வழியைப் பிடித்தது. வானொலி தொடாத ஒரு குழுவின் பெயர் ஊர் விட்டு ஊர் பரவியது இந்த நாடாக்களில்தான். ஆனால் நேற்று வாசித்ததையே இன்றும் வாசிக்கும் குழுவின் நாடாவை யாராவது சேர்ப்பார்களா? ஒவ்வொரு ராத்திரியும் வேறாக இருக்க வேண்டும். அதற்கு வாசிப்பும் வேண்டும், மாற்றி மாற்றி எடுக்க நூற்றுக்கணக்கில் பாட்டும் வேண்டும். 50 பாட்டு கையில் வைத்துக்கொண்டு 13 ராத்திரி திரும்பாமல் வாசிக்க முடியாது.

கேள்விக்குறி:

எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்? ரொம்ப நீளமானது எடுத்தவுடனே வேண்டாம்.

ஆறாம்நரம்பு:

முதலில் 'அமெரிக்கன் பியூட்டி' முழுசாக. முக்கால் மணி நேரம்கூட ஆகாது. அடுத்து கார்னெல் 77-ல் 'ஸ்கார்லெட் பிகோனியாஸ்' முதல் 'ஃபயர் ஆன் தி மவுன்டன்' வரை. எந்த நொடியில் பாட்டு மாறியது என்று விரல் வைக்கப் பாருங்கள். முதல் முறை முடியாது. பேஸை மட்டும் பின்தொடர்ந்து இரண்டாம் முறை கேளுங்கள்.

ஃபிஷ்ஷில் 'பில்லி பிரீத்ஸ்' நல்ல வாசல். அது முடிந்ததும் 2013 ஜூலை 31 லேக் டாஹோவில் வாசித்த 'ட்வீசர்'. 37 நிமிடம்தான், பயப்பட வேண்டாம். பாட்டு முதல் ஐந்து நிமிடத்திலேயே முடிந்துவிடும். பிற்பகுதியில் நாலு பேரும் திடீர் திடீரென்று நிறுத்துவார்கள், அந்த இடைவெளியில் கூட்டம் 'வூ' என்று கத்தும், திரும்ப ஒரே அடியில் நாலு பேரும் விழுவார்கள். யார் சைகை காட்டினார்கள் என்று தேடாதீர்கள். காதுதான் சைகை. கீழ்ஸ்தாயி சொன்ன பயிற்சி அங்கே கேட்கும்.

தாளக்கட்டு:

அந்த 'ட்வீசரில்' கிட்டாரை விட்டுவிட்டு ஃபிஷ்மேனின் ஹை-ஹாட்டை (டிரம்ஸில் காலால் இயக்கும் ஜோடித் தட்டு) மட்டும் ஒருமுறை பிடித்துக்கொண்டு போங்கள். வேகம் மாறும் இடமெல்லாம் கிட்டார் மாறுவதற்கு முன்னாலேயே அங்கே தெரிந்துவிடும்.

நாலுகட்டை:

கேட்டுவிட்டு வருகிறேன். ஆனால் தம்பி, 'அமெரிக்கன் பியூட்டி'யில் முதல் பாட்டு 'பாக்ஸ் ஆஃப் ரெய்ன்'. சாகக் கிடந்த தன் அப்பாவுக்குப் பாடிக் காட்ட லெஷ் மெட்டுப் போட்டு, ஹன்டரிடம் வரி கேட்டு வாங்கிய பாட்டு. அதில் ஜாம் கிடையாது. அதை முதலில், தனியாகக் கேளுங்கள்.